இறந்தவர்களின் முகம் துடைப்பவள்

எங்கள் தொழிலில் ஒவ்வொரு தடவையும் இரண்டு பேர் கடைக்கு வருவார்கள். ஒருவர் பஸ்ஸில் டிக்கெட் வாங்கி உட்கார்ந்து வருவார், இன்னொருவர் பழைய சேலையில் சுற்றப்பட்டு அவர் மடியில் வருவார்.

கோவில்பட்டி மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் என் கடை. ‘பழைய படங்கள் புதுப்பித்துத் தரப்படும்’ என்று பலகை போட்டிருக்கிறேன். பழைய படங்கள் என்றால் கல்யாணப் படம், பள்ளிக்கூடப் படம் எல்லாம் வரும் என்றுதான் ஆரம்பத்தில் நினைத்தேன். வருவதெல்லாம் இறந்தவர்கள் படம். கறுப்பு வெள்ளைப் போட்டோவைப் பெரிதாக்கி, அதன் மேல் எண்ணெய்ச் சாயம் பூசி, கன்னத்தில் சிவப்பும் வேட்டிக் கரையில் பச்சையும் ஏற்றி, அந்தக் காலத்தில் வரைந்து கொடுத்த படங்கள். கோடையில் கரிசல் வெடித்துக் கிளம்புகிற தூசி சட்டத்துக்குள் போகும். மழைக்குப் பூஞ்சணம் பிடிக்கும். மிச்சம் இருப்பதைக் கரையான் பார்த்துக்கொள்ளும். அதோடு விளக்குப் புகை, சாம்பிராணி, ஈர மாலை. உயிரோடு இருந்தபோது பட்ட கஷ்டத்தைவிட, சுவரில் ஏறிய பிறகு அவர்கள் படுகிற கஷ்டம் அதிகம்.

கடை போடுவதற்கு முன்னால் ஆறு வருஷம் ஒரு மியூசியத்தில் பழுதுபார்க்கும் அறையில் தற்காலிக வேலையில் இருந்தேன். தொழிலைக் கற்றது அங்கேதான். கற்றுக்கொள்ளாமல் விட்டது, வாடிக்கையாளர்களோடு பேசுவது எப்படி என்பது. உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு படம் இருக்கும். கூடத்தின் எந்த மூலைக்குப் போனாலும் பார்வை கூடவே வரும். சின்ன வயதில் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு சாப்பிட்டிருப்பீர்கள். ஆகவே உங்களிடம் சொன்னால் புரியும்.

எச்சில்

படத்தின் மேல் ஏறிய பிசுக்கை எடுக்க எத்தனையோ மருந்து உண்டு. எல்லாவற்றிலும் சாதுவானது மனித எச்சில். குச்சி முனையில் பஞ்சு சுற்றி, நாக்கில் லேசாக நனைத்து, முகத்தின் மேல் மெல்ல உருட்டினால் அழுக்கு மட்டும் வரும்; சாயம் அசையாது. ஒரு தடவை உருட்டியதும் அந்தப் பஞ்சைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறு எடுக்க வேண்டும். பெரிய மியூசியங்களில் விலைமதிப்பில்லாத படங்களுக்கே இந்த வைத்தியம்தான். ஆனால் வாடிக்கையாளர் கண்ணில் படும்படி செய்யக் கூடாது.

கயத்தாறிலிருந்து ஒரு அம்மா இறந்துபோன தன் வீட்டுக்காரர் படத்தைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். வெள்ளிக்கிழமை வரச் சொன்னால் புதன்கிழமையே வந்து நிற்கிறார். நான் அவர் வீட்டுக்காரரின் வலது கன்னத்தில் இருக்கிறேன். என் வாயில் பஞ்சு. “எங்க வீட்டுக்காரர் மொகத்துல என்னத்தத் தேய்க்க?” என்றார். பொய் சொல்ல வரவில்லை. எச்சில் என்று சொல்லி, அதில் இருக்கிற சத்து, அது அழுக்கைக் கரைக்கிற விதம் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் விளக்கினேன். அந்த அம்மா முக்காலியில் உட்கார்ந்தார். படத்தையே பார்த்தார். பாதி முகம் வெளுத்தும் பாதி முகம் புகை படிந்தும் அவர் வீட்டுக்காரர் இவரை முறைத்துக்கொண்டிருந்தார்.

“எச்சிதான் வேணும்னா எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்லா தாயி. நாப்பது வருசமா சேத்து வச்சிருக்கேன்.”

மூக்குத்தி இல்லாதவள்

என் மேசைக்கு எதிரே சுவரில் ஒரு பெண்ணின் படம் மாட்டியிருந்தேன். எகிப்துக்காரி. ஏறக்குறைய இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னால் மெல்லிய மரப்பலகையில், தேன்மெழுகில் சாயம் குழைத்து வரைந்தது. அங்கே ஒருவர் இறந்தால் உடலைத் துணியால் சுற்றிக் கட்டி, முகம் இருக்கிற இடத்தில் இப்படி ஒரு பலகையைப் பதித்துப் புதைத்திருக்கிறார்கள். காய்ந்த மணல் அதைக் கெடாமல் வைத்திருந்தது. நான் வைத்திருந்தது அதன் அச்சுப் பிரதி, மியூசியத்தை விட்டு வரும்போது கூட வேலை பார்த்தவர்கள் கொடுத்தது. அகலமான கண்கள், கிட்டத்தட்ட ஒட்டிய புருவம், காதில் முத்துத் தொங்கல், கழுத்தில் தங்க ரேக்கு ஒட்டிய மாலை. எதையோ சொல்ல வாயெடுத்துவிட்டு, வேண்டாம் என்று நிறுத்திக்கொண்டது மாதிரி உதடுகள்.

எட்டயபுரத்திலிருந்து ஐம்பது வயசுப் பெண் ஒருத்தி தகப்பனார் படத்தைக் கொண்டுவந்தாள். பேர் பேச்சியம்மாள். தகப்பனாரை மேசையில் வைத்துவிட்டு நிமிர்ந்தவள் அப்படியே நின்றாள்.

“இது எங்க அத்தைல்லா! இங்கன எப்பிடி வந்துச்சு?”

நான் எல்லாவற்றையும் சொன்னேன். எகிப்து, மெழுகு, துணிக்கட்டு, மணல். கடைசி வரை பொறுமையாகக் கேட்டாள்.

“அதெல்லாம் சரிக்கா. மூக்குத்திய ஏன் அழிச்சீங்க?”

அடுத்த வாரம் அவளாகவே பெட்டியிலிருந்து அத்தையின் சின்னப் போட்டோ ஒன்றை எடுத்து வந்தாள். சிரித்து அனுப்பிவிடலாம் என்றுதான் கையில் வாங்கினேன். சிரிக்க முடியவில்லை. அதே புருவம். இடது கண் வலது கண்ணைவிட ஒரு மயிரிழை கீழே இறங்கியிருக்கிறது, எகிப்துக்காரிக்கும் அப்படித்தான். அதே உதடு. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தபோது, நிறுத்தி வைத்த அந்த வார்த்தையை இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சொல்லிவிடுவார்களோ என்றிருந்தது. அத்தை எத்தனை வயசில் போனாள் என்று கேட்டேன். “இருவது. மொதப் பிரசவம்” என்றாள். எகிப்துப் படங்களில் இருப்பவர்களும் பெரும்பாலும் இளவயதுக்காரர்கள்தான் என்று படித்திருக்கிறேன். அதை அவளிடம் சொன்னேன், சொல்லாமலே இருந்திருக்கலாம். அன்றிலிருந்து சந்தைக்கு வரும்போதெல்லாம் ஒரு முழம் பிச்சிப்பூ கொண்டுவந்து அந்தப் படத்தின் ஆணியில் மாட்டிவிட்டுப் போகிறாள். இவள் உன் அத்தை இல்லை என்று ஒருநாள் கண்டிப்பாகவே சொல்லிப் பார்த்தேன்.

“இருக்கட்டும்க்கா. எந்த ஊர்ல செத்தா என்ன, இந்த வயசுல போனவளுக்கு யாராவது ஒருத்தி பூ வைக்கணும்லா.”

நாலு விரல்

பசுவந்தனைப் பக்கத்திலிருந்து நிலபுலன் உள்ள ஒரு பெரிய சம்சாரி வீட்டுப் படம் வந்தது. தூக்கி வர இரண்டு ஆள். கொண்டுவந்தவர் அந்த வீட்டுப் பேரன், அறுபது வயசிருக்கும். படத்தில் அவருடைய தாத்தா நாற்காலியில் தலைப்பாகையோடு உட்கார்ந்திருக்கிறார். அவருக்குப் பின்னால் இடது பக்கம் முழுக்கக் கருஞ்சிவப்பில் ஒரு திரைச்சீலை. திரைச்சீலையில் மட்டும் சாயம் செதில் செதிலாகக் கிளம்பி நின்றது. ஒட்ட வைத்துக் கொடுத்தால் போதும் என்றார்.

ஒட்டுவதற்கு முன்னால் தளர்ந்த செதில்களை எடுக்க வேண்டும். நாற்காலி முதுகுக்குப் பக்கத்தில் ஒன்றை இடுக்கியால் எடுத்தேன். அடியில் திரைச்சீலை இல்லை. தோல் நிறம். இன்னொன்றை எடுத்தேன், நகம். மத்தியானத்துக்குள் நாலு விரல் வந்துவிட்டது. நாற்காலி முதுகைப் பிடித்திருக்கிற நாலு விரல், நடுவிரலில் சிவப்புக் கல் வைத்த நெளி மோதிரம். ஒரு பெண்ணை நிறுத்திப் போட்டோ எடுத்து, அழகாக வண்ணமும் ஏற்றி, பிறகு எப்போதோ அவள் மேல் திரைச்சீலை வரைந்து மூடியிருக்கிறார்கள். அன்றைக்கு இடுக்கியைக் கீழே வைத்துவிட்டுத் தண்ணீர் குடித்தேன்.

பேரனைக் கூப்பிட்டுக் காட்டினேன். “தாத்தாவுக்கு ஒரே சம்சாரந்தான். எங்க ஆச்சி. அவிய இவ்வளவு செவப்பு கெடயாது” என்றார். மேற்கொண்டு சாயத்தை எடுக்கவா, மூடவா என்று கேட்டேன். அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. அங்கேயே நின்று அம்மாவுக்குப் போன் போட்டார். அந்த அம்மா தாத்தாவின் மருமகள், எண்பது தாண்டியவர். ஸ்பீக்கரில் குரல் கேட்டது.

“எத்தன வெரலு தெரியுதுலே?”

“நாலும்மா.”

“மோதிரம்?”

“இருக்கு. செவப்புக்கல் நெளி.”

“போதும், நிப்பாட்டச் சொல்லு. மொகம் வந்துட்டா அவள எங்கன மாட்டுறது?” என்றது குரல். நிறுத்திவிட்டேன். விரலை மூடவும் இல்லை, கைக்கு மேலே ஏறவும் இல்லை. படத்தை வாங்கிப் போக மகனோடு அந்த அம்மாவே காரில் வந்திறங்கினார். படத்துக்குக் கிட்டே போய்க் கண்ணாடி போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார். பிறகு தன் வலது கையை நீட்டி அந்தக் கைக்குப் பக்கத்தில் வைத்தார். நடுவிரலில் சிவப்புக்கல் நெளி.

“கல்யாணத்தன்னைக்கு மாமனார் எனக்குப் போட்டு விட்டது. அன்னைலருந்து இந்த ஒரு வெரலு மட்டும் குளுந்தே கெடக்கு.”

ஒரு கண்

இது என் தப்பு. அதனால் ஒளிக்காமல் சொல்கிறேன்.

ரிட்டயர்டு பஸ் கண்டக்டர் ஒருவர், எழுபதைத் தாண்டியவர், தன் அம்மா படத்தைக் கொண்டுவந்தார். அவருக்கு எட்டு மாசமாக இருந்தபோது அம்மா போய்விட்டார். அவர் அம்மாவைப் பார்த்ததெல்லாம் இந்தப் படத்தில்தான். பரீட்சையில் பெயிலானதை முதலில் சொன்னது இந்தப் படத்திடம்தானாம். கல்யாணத்துக்குப் பொண்ணு பார்த்துவிட்டு வந்து இதன் முன்னால்தான் உட்கார்ந்தாராம். இடது கண்ணில் பூஞ்சணம் வெள்ளையாகப் படர்ந்திருந்தது. “கண்ணுல பூ விழுந்த மாதிரி இருக்கும்மா. அத மட்டும் எடுத்துக் குடுத்தாப் போதும், என்னயப் பாக்கச் செரமப்படுதாவ” என்றார்.

பூஞ்சணத்துக்கு எச்சில் போதாது. பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு ஓரத்தில் வைத்துப் பார்த்தேன், சாயம் நின்றது. கண்ணில் வைத்தேன். ஒரே உருட்டல். பஞ்சு கறுப்பாக வந்தது. கீழே பார்த்தால் கண் இல்லை. மூடிய இமை.

அந்தக் காலத்தில் உயிரோடு இருக்கும்போது படம் எடுத்துக்கொள்ளாதவர்கள் ஏராளம். இறந்த பிறகு டவுனிலிருந்து போட்டோக்காரரைக் கூட்டி வருவார்கள். உடலைச் சுவரில் சாய்த்து உட்கார வைத்து, பொட்டு வைத்து, படம் எடுப்பார்கள். மூடிய இமைக்கு மேல் திறந்த கண்ணைப் படம் வரைகிறவர் போடுவார். எனக்கு இது தெரியும். லென்ஸ் வைத்துப் பார்த்திருந்தால் தொடுவதற்கு முன்னாலேயே கண்டுபிடித்திருப்பேன். பார்க்கவில்லை. இப்போது அந்த அம்மா ஒரு கண்ணை மூடி ஒரு கண்ணால் என்னைப் பார்க்கிறார்.

பக்கத்துக் கடையில் சட்டம் அடிக்கிற சண்முகம் அண்ணாச்சியைக் கூப்பிட்டேன். பார்த்தவர் ஓரடி பின்னால் போனார். பிறகு, “கறுப்பக் கொழைச்சு ஒரு முழியப் போட்டு விட்ரும்மா. யாருக்குத் தெரியப்போவுது?” என்றார். குழைத்தேன். வலது கண்ணைப் பார்த்து அளவெடுத்தேன். பிரஷ்ஷை இமைக்குக் கிட்டே கொண்டுபோனேன். முடியவில்லை. தூங்குகிற ஒருத்தரின் கண்ணில் விரலை விடுகிற மாதிரி இருந்தது.

மறுநாள் பதினோரு மணிக்கு அவர் வந்தார். படத்தைக் காட்டிவிட்டு நடந்ததைச் சொன்னேன். கத்துவார் என்று காத்திருந்தேன். கத்தவில்லை.

“அப்ப இது செத்த பெறவு எடுத்ததா?”

“ஆமாய்யா.”

“நான் இவ்வளவு நாளும் பாத்த கண்ணு?”

“படம் வரஞ்சவர் போட்டது.”

“எவனோ ஒருத்தன் போட்டது” என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். விரலை நீட்டி, மூடிய இமையைத் தொடாமல் தொட்டார். “இதுதான் அவிய நெசக் கண்ணு, என்ன?” என்றார். ஆமாம் என்றேன். இரண்டு கண்ணையும் திறந்தும் தரலாம், இரண்டையும் மூடியும் தரலாம், கூலி எதுவும் வேண்டாம் என்றேன். அவர் வெளியே போய்ச் சந்தில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தார். முகம் கழுவியிருந்தார்.

“ரெண்டையும் இப்பிடியே விட்ருங்கம்மா. ஒரு கண்ணு அவியளுக்கு, தூங்கட்டும். இன்னொண்ணு எனக்கு, அது என்னயப் பாத்தே பழகிருச்சு.”

மணியாச்சியில் பார்த்த ஆள்

கோமதியம்மாளின் புருஷன் இருபத்தேழு வயசில் விதைப் பருத்தி வாங்கி வருகிறேன் என்று வீட்டைவிட்டுப் போனார். திரும்பி வரவில்லை. பல வருஷம் தேடிவிட்டு, சொந்தக்காரர்கள் கூடிப் பேசி, காரியம் செய்து, படத்துக்கு மாலை போட்டுவிட்டார்கள். அந்த அம்மாவுக்கு இப்போது எழுபது நெருங்குகிறது. படத்தில் புருஷன் அதே இருபத்தேழு. “பேரப்பிள்ளைக ‘இது ஒங்க மகனா ஆச்சி’ன்னு கேக்குதுவ. அவியளுக்கும் என் வயசுக்கு ஏத்த மாதிரி வயசப் போட்டுக் குடு தாயி” என்று கேட்டார்.

இது புதுப்பிக்கிற வேலை இல்லை, கற்பனை. ஆனாலும் அவர் கேட்ட விதத்தில் மறுக்க முடியவில்லை. அவர் மகனை வரவழைத்துப் பார்த்தேன். கொழுந்தனார் படத்தை வாங்கிப் பார்த்தேன். நெற்றியை ஏற்றி, கன்னத்தை இறக்கி, நரைத்த தாடியை முள் முள்ளாக வைத்துத் தனியாக ஒரு படம் எழுதினேன். இடது புருவம் எழுதும்போது பிரஷ் வழுக்கி வெள்ளையாக ஒரு கோடு விழுந்துவிட்டது. துடைத்துப் பார்த்தேன், போகவில்லை. சரி, வயசானவர்களுக்குத் தழும்பு இருப்பதில்லையா என்று அதையே ஒரு வெட்டுத் தழும்பாக்கிவிட்டேன். கோமதியம்மாள் ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, “வயசானாலும் மொகம் நல்லாத்தான் இருக்கு” என்று வெட்கப்பட்டு வாங்கிப் போனார்.

நாலைந்து மாசம் கழித்து ஒருநாள் உச்சி வெயிலில் வந்தார். குடையை மடக்கக்கூட இல்லை. “அந்தப் புருவத் தழும்பு ஒனக்கு எப்பிடித் தெரியும்?” என்றார். பிரஷ் வழுக்கியதைச் சொன்னேன். அவர் நம்பவில்லை.

மகள் வீட்டுக்குப் போய்விட்டு மணியாச்சி ஸ்டேஷனில் வண்டிக்குக் காத்திருந்தாராம். பக்கத்து பெஞ்சில் ஒரு கிழவர் துணிப்பையோடு வந்து உட்கார்ந்தார். இவர் எதேச்சையாகத் திரும்பியிருக்கிறார். என் படம் உட்கார்ந்திருந்ததாம். நெற்றி, கன்னம், முள் தாடி, இடது புருவத்தில் அந்த வெட்டு. “வீட்ட விட்டுப் போகும்போது அவியளுக்குத் தழும்பு கெடயாது. பெறவுதான் எங்கயோ பட்டிருக்கு” என்றார் கோமதியம்மாள், என் பிரஷ் வழுக்கிய இடத்தை எனக்கே விளக்குகிற மாதிரி.

“பேசுனீங்களா?”

“அவியதான் பேசுனாவ. ‘தூத்துக்குடி வண்டி இதுதானாம்மா’ன்னு கேட்டாவ.”

“நீங்க?”

“ஆமா, இதுதான்னு சொன்னேன்.”

“அவ்வளவுதானா?”

“ஏறிப் போயிட்டாவ. சன்னல் பக்கம் உக்காந்து, வண்டி நகரும்போது ஒரு தடவ திரும்பிப் பாத்தாவ. நான் எந்திரிக்கல.”

உலகத்தில் ஒரே சாயலில் ஏழு பேர் இருப்பார்கள் என்றேன், வயசானவர்கள் முகம் எல்லாம் ஒன்றுபோலத்தான் ஆகும் என்றேன். சொல்லச் சொல்ல எனக்கே நம்பிக்கை குறைந்துகொண்டு வந்தது. அவர் குடையை என் மேசையில் சாய்த்து வைத்துவிட்டு நேராக என்னைப் பார்த்தார்.

“படத்துல கெடக்குற மாலைய எடுக்கவா, வேண்டாமா? நீயே சொல்லு தாயி. அந்த மொகத்தப் போட்டது நீதான?”

இன்னும் சோலி இருக்கு

சுடலைமுத்து ஆடு மேய்க்கிறவர். எழுபது வயசு, வேலிக்கருவேல மரம் மாதிரி உடம்பு. தன் படத்தை என்னிடம் எழுதி வாங்கத் தானே வந்தார். “செத்த பெறவு ஆதார்ல இருக்குற படத்தத்தான் பெருசாக்கி மாட்டுவானுவ. அதுல நான் ஆடு திருடுனவன் மாதிரி முழிச்சுக்கிட்டு இருக்கேன்” என்றார். மூணு நாள் தினமும் காலையில் வந்து நாற்காலியில் ஆடாமல் உட்கார்ந்தார். எகிப்துக்காரர்களிலும் சிலர் உயிரோடு இருக்கும்போதே எழுதி வீட்டில் மாட்டி வைத்திருக்கலாம் என்று ஒரு கருத்து உண்டு, அதை அவரிடம் சொன்னேன். “வெவரமானவுக” என்றார். படம் நன்றாக வந்தது. நான் உயிரோடு இருக்கிற ஒருவரைப் பார்த்து எழுதியது அது ஒன்றுதான். வாங்கிக்கொண்டு சந்தோஷமாகப் போனார்.

இரண்டு மாசத்தில் படத்தைத் துண்டில் சுற்றித் திரும்பக் கொண்டுவந்தார். ஆள் இளைத்திருந்தார். என்ன குறை என்று கேட்டேன். குறை ஒன்றும் இல்லை, ரொம்ப நன்றாக இருப்பதுதான் கஷ்டம் என்றார். பேத்தி பள்ளிக்கூடம் போகும்போது படத்தைக் கும்பிட்டு, ‘தாத்தா, போயிட்டு வாரேன்’ என்கிறாளாம். இவர் கீழேதான் உட்கார்ந்திருக்கிறார். மருமகள் படத்துக்கு முன்னால் காப்பியை வைத்துவிட்டு, கொஞ்ச நேரம் கழித்து அதை எடுத்து இவருக்குக் கொடுக்கிறாளாம். “நான் பின்னாலருந்து சத்தங் குடுத்தாலும் அவிய திரும்பி என்னயப் பாக்கலம்மா. நிமிந்து படத்துல இருக்குறவனப் பாக்காவ. நேத்து நானே இருமுனேன், நானே நிமிந்து அவனப் பாத்தேன்.” படத்தை என் கடைச் சுவரில், முகம் உள்பக்கமாக இருக்கும்படி சாய்த்து வைத்தார். எத்தனை நாளைக்கு என்று கேட்டேன். வாசல்படியில் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார்.

“இவன் இங்கனயே இருக்கட்டும். எனக்கு இன்னும் சோலி இருக்கு, முடிஞ்சதும் நானே வந்து கூட்டிட்டுப் போறேன்.”

இத்தனை வருஷத்தில் எத்தனையோ முகங்களைத் துடைத்துக் கொடுத்திருக்கிறேன், அந்த முகங்களுக்குச் சொந்தக்காரர்களில் ஒருவர்கூட இதுவரை வந்து ‘மூக்குச் சரியில்லை’ என்று குறை சொன்னதில்லை என்பதுதான் இந்தத் தொழிலில் எனக்கிருக்கிற ஒரே நிம்மதி, அதுவும் அவர்கள் வந்து சொல்லாமல் இருக்கும்வரை.